சாம்பிள் பாத்ரூம்

அப்போதெல்லாம் காலையில் எங்கள் வீட்டு பாத்ரூம் கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் நந்தகோபால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பது நானில்லை. பிள்ளைகளும் இல்லை, அவர்கள் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் பக்கத்து வீட்டு யோகலட்சுமி அக்கா. பின்னால் தறிக் கொட்டகையில் ஆள் வந்து காத்திருக்கும், இவர் போய் சாவி கொடுத்தால்தான் அன்றைக்கு லுங்கி ஓடும். ஆனாலும் மனுஷர் ஒரு வார்த்தை பேச மாட்டார். அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. குந்தி உட்கார முடியாது. எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, அதனால் வருவார்.

ஏன், அவர்கள் வீட்டில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கூடத்தில் இருந்தது. அட்டையில் செய்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கக்கூஸ் கட்டிப் பார் என்று எவரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் சுந்தரமூர்த்தி அண்ணன் கொஞ்சம் பயந்திருப்பார், நாங்களும் பிழைத்திருப்போம்.

சுந்தரமூர்த்தி அண்ணன் அக்காவின் வீட்டுக்காரர். குடியாத்தத்தில் எங்களைப் போலவே தறிக்காரக் குடும்பம். அவர் அப்பா கைத்தறி வைத்திருந்தார். இவருக்குத் தறிக்குழியில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆம்பூருக்கு பஸ் ஏறி ஒரு ஷூ கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். தலை நரைத்து வெளியே வரும்போது சாம்பிள் ரூம் இன்சார்ஜ். கம்பெனியில் சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கடிகாரத்தை ஒரு வாரம் மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்து, நேரம் சரியாகக் காட்டுகிறது என்று திருப்தியான பிறகுதான் ஆணி அடித்தார். அப்பவே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சாம்பிள் ரூம் என்றால் என்ன என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் சொல்லிச் சொல்லி எங்கள் காதில் ரத்தம் வராத குறை. வெளிநாட்டில் ஒருத்தர் ஷூவைப் படமாக வரைந்து அனுப்புவார். அவர்தான் பையர். அதைப் பார்த்து இவர்கள் ஒரே ஒரு ஷூ தைப்பார்கள். ஜோடி கிடையாது, ஒத்தைக் கால்தான். அதுவும் எல்லா சைஸிலும் இல்லை, சாம்பிளுக்கென்று வைத்திருக்கும் ஒரே சைஸில். அது கொரியரில் போகும். பையர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தையல் கொஞ்சம் இறங்கட்டும், நாக்கு கொஞ்சம் நீளட்டும் என்று எழுதி அனுப்புவார். அதற்குப் பெயர் கமெண்ட்ஸ். மறுபடி ஒத்தைக் கால், மறுபடி கொரியர், மறுபடி கமெண்ட்ஸ். கடைசியில் பையர் அப்ரூவ்ட் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் பல்க், அதாவது ஆயிரக்கணக்கில் தைப்பது. அது வேறு கட்டடம், வேறு ஆட்கள். அண்ணனுக்கும் பல்க்குக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஷூவை எந்த ஊரில் எந்த மனுஷன் காலில் மாட்டிக்கொண்டு நடந்தான் என்பதும் அவருக்குத் தெரியாது. பையர் ஓகே சொன்னால் அவர் பிறவிப்பயன் முடிந்தது.

வீட்டிலும் மனுஷர் அப்படியேதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, "கமெண்ட்ஸ் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தாராம். மாமனார் அது என்னவோ புது வழக்கம் என்று நினைத்து ஒரு மாதம் காத்திருந்தாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ரோஷினி என்ற ஒரே மகளோடு நிறுத்திக்கொண்டதற்கும், சாம்பிள் அப்ரூவ் ஆகாததுதான் காரணம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் கிளப்பிய பேச்சு இல்லை. மறுத்ததும் இல்லை.

வீடு அவர் அப்பா கட்டியது. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் கக்கூஸ் வைத்தால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று, தோட்டத்துக் கோடியில் மதில் ஓரமாக வைத்தார்கள். பின்கதவைத் திறந்து, படி இறங்கி, கிணற்றைத் தாண்டி, கல் பாவிய நடையில் போக வேண்டும். மழை வந்தால் அந்தக் கல் வழுக்கும். போனால் இரண்டு பக்கமும் கால் வைக்கும் பழைய கோப்பை. லட்சுமி கோபித்துக்கொண்டு போகவில்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறாள். இந்த யோகலட்சுமிதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கும் கூடத்துக்கும் நடந்தாள்.

தை மாதத்தில் அக்காவை வேலூருக்கு அழைத்துப்போனோம். துணைக்கு நானும் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். முட்டி மாற்றிவிடலாம், நல்லா நடக்கலாம் என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"வீட்டுக்குள்ள வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குங்களா?"

"தோட்டத்துல இந்தியன் இருக்குதுங்க சார்" என்றார் அண்ணன்.

"அது ஆகாது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்க குந்தவே கூடாது. படி எறங்கி தோட்டத்துக்கும் போவக் கூடாது. மொதல்ல வீட்டுக்குள்ள ஒண்ணு கட்டிடுங்க. கட்டிட்டு வாங்க, தேதி குடுக்கறேன்."

அக்கா முகம் அப்படியே மலர்ந்தது. டாய்லெட்டும் வரும், முட்டியும் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானும்தான் நினைத்தேன். பஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் அண்ணன் எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்துவிட்டார். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். ரிட்டயர் ஆனதிலிருந்து பேப்பரை மூன்று முறை படித்துக்கொண்டிருந்த மனுஷருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்கு பஸ்ஸில் அவரை மாதிரி சந்தோஷமாக இன்னொருவர் இருந்திருக்க மாட்டார்.

மறுநாளே துரைசாமி மேஸ்திரி வந்தார். படுக்கை அறையை ஒட்டி, அந்தக் காலத்தில் நூல் மூட்டை அடுக்கிய ஒரு சின்ன அறை இருக்கிறது. இப்போது அதில் உடைந்த சாமான்தான் கிடந்தது. மேஸ்திரி உள்ளே போய் சுவரைத் தட்டிப் பார்த்தார், வெளியே வந்து குழாய் போகிற வழி பார்த்தார்.

"இதுவே ஷோக்கா போதும் சார். ஒரு பக்கம் கோப்பை, ஒரு பக்கம் குளிக்க எடம். மாசம் முடியறதுக்குள்ள சாவிய கைல குடுத்துடறேன்."

"பண்ணலாம் பண்ணலாம். மொதல்ல சாம்பிள் பாத்துடலாம்" என்றார் அண்ணன்.

"பாத்ரூமுக்கு இன்னா சார் சாம்பிள்?"

"அப்டியே எடுத்ததும் பல்க் போட்டுடுவாங்களா மேஸ்திரி? நாளைக்கு தப்பாப் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார்.

முதலில் டைல்ஸ். அஹமது பாஷா பாய் கடைக்குப் போனோம். அக்கா நிறம் பார்க்கட்டும் என்று நான்தான் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில் பாய் நாற்காலி போட, அக்கா அதில் உட்கார்ந்ததோடு சரி. நிறத்தைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு டைல்ஸையும் தோல் பார்க்கிற மாதிரி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், மூக்கில் வைத்து முகர்ந்தார். பழக்க தோஷம், சுருக்கம் விழுகிறதா என்று ஒன்றை மடித்துப் பார்க்கப் போனார். பாய் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சார், இது ஆட்டுத் தோல் இல்ல. டைல்ஸு. ஒடஞ்சுடும்."

"பழகிப்போச்சு பாய்" என்று அண்ணன் சிரித்தார். ஆனால் பாய் சிரிக்கவில்லை.

வகைக்கு ஒன்றாக வீட்டுக்கு வாங்கி வந்தார். ஒன்றைக் கொடியில் கட்டி வெயிலில் தொங்கவிட்டார், நிறம் போகிறதா பார்க்க. ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். ஒன்றின் மேல் ஆசிட் ஊற்றினார். ஒன்றை வாசலில் பதித்து, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் ஈரக்காலோடு மிதிக்கச் சொன்னார். நான் ஒருநாள் மிதித்தேன். வழுக்கியது. கமெண்ட் என்ன என்று கேட்டார். சொன்னேன். அந்த மாதிரி வார்த்தை எல்லாம் கமெண்டில் வரக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகுதான் அட்டை வந்தது. ஷூ ஏற்றுமதிக்கு வருகிற பெரிய பெரிய அட்டைப் பெட்டிகளைப் பழைய கம்பெனியில் சொல்லி ஒரு மினி லாரியில் இறக்கினார். நூல் அறைக்குள் கட்டினால் நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்க முடியாதாம். அதனால் கூடத்தில் இருந்த சோபாவை வாசலுக்குத் தள்ளிவிட்டு, நடுக்கூடத்தில் அதே அளவில் அட்டையிலேயே ஒரு பாத்ரூம் எழுப்பினார். அட்டைச் சுவர், அட்டைக் கதவு, அட்டை வாஷ்பேசின், அதற்கு மேலே ஒரு அட்டைக் கண்ணாடி. குழாய்க்குப் பதில் ஒரு டார்ச் லைட்டைச் செருகி வைத்தார். டிவி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அட்டைச் சுவரில் காற்றுக்கு என்று அவர் வெட்டிய ஓட்டை வழியாகத்தான் அக்கா அதற்குப் பிறகு சீரியல் பார்த்தார்.

கோப்பைதான் அவருக்குப் பெருமை. உள்ளே மரப்பெட்டி, வெளியே அட்டை, மேலே வெள்ளைத் தாள், பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு உயரமான கோப்பைதான் நல்லது என்று செல்போனில் யாரோ சொன்னதைப் பார்த்துவிட்டு, நல்ல உயரமாகவே செய்திருந்தார். ஆனால் செய்தால் போதுமா? ஷூ என்றால் போட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா. கம்பெனியில் அதற்கென்று சாம்பிள் சைஸ் கால் உள்ள பையன் ஒருவன் இருப்பானாம், எந்த ஷூ தைத்தாலும் அவன் மாட்டிக்கொண்டு நடந்து காட்டுவானாம். இங்கே அந்த யோகம் என் வீட்டுக்காரருக்கு அடித்தது. மட்டான உயரம், மட்டான உடம்பு, வாய் திறக்காத சுபாவம். இதைவிட நல்ல மாடல் குடியாத்தத்தில் கிடைக்க மாட்டான்.

இவர் தறிக்கு நடுவில் ஒழிந்த நேரத்தில் போய், லுங்கியை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, அட்டைக் கோப்பையில் உட்காருவார். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து வந்து கையில் காபி கொடுப்பார். அண்ணன் பென்சிலோடு எதிரில் நிற்பார்.

"எப்டி கீது நந்து?"

"நல்லாத்தான் கீதுண்ணா."

"நல்லா கீதுன்றது கமெண்ட் இல்ல. எங்க டைட்டு, எங்க லூசு, அத்த சொல்லு."

இவர் காபியை உறிஞ்சிக்கொண்டு யோசிப்பார். கண்ணாடி கொஞ்சம் இறங்கட்டும் என்பார். போச்சு. அண்ணன் அட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவார். இரண்டாவது சாம்பிள். இவரோடு மட்டும் அண்ணன் விட்டாரா? கறிவேப்பிலை வாங்க வந்தவர், சீட்டுப் பணம் வாங்க வந்தவர், கோயில் நன்கொடைக்கு வந்த கமிட்டிக்காரர்கள், எல்லாரும் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு கமெண்ட் சொல்லிவிட்டுப் போனார்கள். கமிட்டித் தலைவர் கோப்பை தெற்கு பார்த்து இருக்கட்டும் என்றார். பெங்களூரிலிருந்து ரோஷினியின் வீட்டுக்காரர் செல்போனில் பார்த்து, வாஷ்பேசின் இடது கைப் பக்கம் வரட்டும் என்றார். வாஷ்பேசினும் கோப்பையும் அந்தக் கூடத்தில் சுற்றிய சுற்றுக்குத் திருவிழாத் தேர்கூடச் சுற்றியிருக்காது. துரைசாமி மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார், வேலை ஆரம்பிக்கலாமா என்பார், டீ குடிப்பார், அவர் பங்குக்கு ஒரு கமெண்ட் சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் அவருக்கே வெட்கமாகிப் பேரணாம்பட்டில் ஒரு கல்யாண மண்டப வேலைக்குப் போய்விட்டார்.

வேலூர் டாக்டருக்கு எங்கள் முகமே மறந்துபோயிருக்கும். தை போய், மாசி போய், பங்குனி போய், சித்திரையும் பிறந்துவிட்டது.

எங்கள் ஊர் சித்திரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும். ஒருநாள் மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுப் பின்கட்டில் என்னோடு வடாம் பிழிந்துகொண்டிருந்தார். எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சொருகியது. உதடு வெடித்திருந்தது. நான் பிடித்து உட்காரவைத்து, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினேன். அதை வாங்கித் தரையில் வைத்தார்.

"குடிங்கக்கா."

"வேணாம் பங்கஜம்."

"ஏன், உப்பு ஜாஸ்தியா?"

"இல்ல. குடிச்சா போவணும்னு வரும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார், ஏதோ சமையல் விஷயம் சொல்கிற மாதிரி.

"காத்தால உங்க வீட்ல ஒரு வாட்டி வந்துடறேன். சாயந்திரம் மெதுவா தோட்டத்துக்கு ஒரு வாட்டி. நடுவுல வந்தா கஷ்டம். உங்க வீட்டுக்காரரு சாப்பிட வர்ற நேரம், தறி ஆளுங்க வேற இருப்பாங்க. அவங்க முன்னாடி எத்தினி வாட்டி வர்றது? அதான் தண்ணி கம்மி பண்ணிக்கினேன். பழகிப்போச்சு."

சித்திரை மாதம். வேலூர் ஜில்லா. தண்ணீர் குடிக்காமல் பழகிப்போச்சாம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உச்சந்தலை வரைக்கும் வந்தது. மாவுக் கையைக்கூடக் கழுவவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா பின்னாலேயே, "விடு பங்கஜம், விடு" என்று நொண்டிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் பார்த்தால் தர்பார் நடக்கிறது. என் வீட்டுக்காரர் சிம்மாசனத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார். பாஷா பாய் புதிதாக ஒரு டைல்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்திலிருந்து அழகு பார்க்கிறார்.

"எழுந்திருங்க" என்றேன். என் குரலைக் கேட்டதும் இவர் காபியோடு எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா பங்கஜம், இன்னா ஆச்சு?" என்றார் அண்ணன்.

"எப்பண்ணா கட்டப் போறீங்க?"

"இதோம்மா. இன்னும் ரெண்டு மூணு கமெண்ட்தான். ஓகே ஆனதும் பல்க் போட்டுட வேண்டியதுதான்."

"யாரு ஓகே பண்ணணும்?"

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பாயைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷர் வேண்டுமென்று இழுக்கவில்லை, சோம்பேறியும் இல்லை. வாழ்நாளெல்லாம் எங்கிருந்தோ ஒருத்தர் ஓகே சொல்லி, அதற்குப் பிறகு வேலை நடந்தது. இப்போது ஓகே சொல்ல ஆளில்லை. ஆரம்பிக்க அவருக்குப் பயம். புரிந்ததும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கெல்லாம் அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

"இதுல தெனம் யாருண்ணா உக்காரப் போறாங்க?"

"யோகா."

"ஊர்ல கீற அத்தினி பேரையும் உக்கார வெச்சுப் பாத்தீங்களே, அக்காவ ஒரு வாட்டி உக்கார வெச்சீங்களா? அவங்க தண்ணி குடிக்கறத நிறுத்திட்டாங்க, அதுவாச்சும் தெரியுமா உங்களுக்கு? குடிச்சா போவணும்னு வருமாம். கொஞ்சம் முன்னாடி மயக்கம் போட்டு விழ இருந்தாங்க."

பாஷா பாய் டைல்ஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லா" என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி.

"நீ ஏன் சொல்லவே இல்ல?" என்றார் அண்ணன்.

"நீங்க கேக்கலியே."

நான் அக்கா கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த அட்டைக் கோப்பையில் உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் எல்லாரும் பார்த்தோம். அக்காவின் கால் தரையில் படவில்லை.

அக்கா குள்ளம். அது ஊருக்கே தெரியும், கட்டிக்கொண்ட மனுஷருக்கும் தெரியும். ஆனால் தை மாதத்திலிருந்து நடந்த அத்தனை சாம்பிளும் என் வீட்டுக்காரர் சைஸுக்கு நடந்திருக்கிறது. அக்காவின் இரண்டு பாதமும் சின்னப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அந்தரத்தில் தொங்கின. இறங்க வேண்டுமானால் குதிக்க வேண்டும். தேய்ந்த முட்டியோடு குதிக்க வேண்டும்.

நான் இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் அண்ணன் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். குதிகாலிலிருந்து முட்டி மடிப்பு வரைக்கும் டேப் வைத்தார். அளவு சரியாகத் தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அத்தனை வருஷம் ஷூ செய்தவர், போடப்போகிறவர் காலைத் தொட்டு அளவெடுத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"உனக்கு எப்டி வேணும்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அக்காவுக்குப் புதுசு. கண்ணாடி, வாஷ்பேசின், ஓட்டை, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"கால் தரைல படணும். புடிச்சு எழுந்துக்க ஒரு கம்பி வேணும். வேற ஒண்ணும் வேணாங்க."

"டைல்ஸு?"

"வழுக்காதது எதுவா இருந்தாலும் சரி."

"கோப்பை எந்தப் பக்கம்?"

"உக்கார்றதுக்கு பக்கம் இன்னாங்க பாக்கறது? போதும், கட்டுங்க."

அண்ணன் எழுந்து நின்றார். நேராக நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கம்பெனியில் பையர் வந்தால் இப்படித்தான் நிற்பாரோ என்னவோ.

"அப்போ ஓகேவா?"

"ஓகே" என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்லில் மனுஷருக்குப் பத்து வயசு குறைந்துபோயிற்று. அன்று சாயங்காலமே பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறிப் போய், மண்டபத்துச் சாரத்தில் நின்ற துரைசாமி மேஸ்திரியைக் கீழே இறக்கி, கையோடு அழைத்து வந்தார். அட்டை முழுவதையும் பழைய பேப்பர்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். போகும்போது கோப்பையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்து, "இது நல்லா செஞ்சிருக்குதுங்க, உடைக்க மனசு வரல" என்றார். அண்ணனுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வேலை நடந்த நாளெல்லாம் அண்ணன் மேஸ்திரியைப் படுத்திய பாட்டைத் தனியாக எழுத வேண்டும். ஒவ்வொரு டைல்ஸ் இடுக்கையும் தடவிப் பார்த்து, "தையல் கோணுது" என்பார். மேஸ்திரியும், "சார், இது தையல் இல்ல, சிமிட்டி" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். ஆனால் வேலை நிற்கவில்லை. ஏதாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அண்ணன் சமையல்கட்டுக்குப் போவார். "யோகா, இத்த கொஞ்சம் நவுத்தலாமா?" என்பார். அக்கா, "வேணாங்க" என்பார். முடிந்தது.

வைகாசியில் நூல் அறை பாத்ரூம் ஆனது. உயரம் குறைந்த கோப்பை, பக்கத்தில் எவர்சில்வர் கம்பி, சொரசொரப்பான தரை, நல்ல கெட்டியான கதவு. டாக்டருக்குப் போன் போட்டுத் தேதியும் வாங்கியாயிற்று. பால் காய்ச்சலாமா என்று அண்ணன் கேட்டார். கக்கூஸுக்கெல்லாம் பால் காய்ச்ச மாட்டார்கள் என்று நான்தான் தடுத்தேன்.

முதல் நாள் காலை. பாத்ரூம் எப்படி இருக்கிறது என்று கேட்கலாமென்று நான் போனேன். அண்ணன் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்துவிட்டு, கிசுகிசுத்தார்.

"உள்ள போய் ரொம்ப நேரம் ஆச்சும்மா. சத்தமே இல்ல. தண்ணி ஊத்தற சத்தம் கேட்டு எவ்ளோ நேரம் ஆவுது தெரியுமா."

"கூப்புட்டுப் பாக்கறதுதானே?"

"பயமா கீது."

எனக்கும் பயம் வந்துவிட்டது. ஈரத் தரையில் விழுந்திருந்தால்? மயக்கம் வந்திருந்தால்? நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. தட்டுவதற்குக் கை போனது, விழுந்திருக்காவிட்டால் வீணாகப் பதறுவாரே என்று இழுத்துக்கொண்டேன். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மூச்சுவிடாமல் நின்றோம். கதவை உடைப்பதென்றால் என் வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா, மேஸ்திரியைக் கூப்பிடலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டேன்.

உள்ளே கம்பியைப் பிடித்து எழுந்துகொள்கிற சத்தம் கேட்டது. அண்ணன் சட்டென்று பின்வாங்கித் தடுமாறி, பக்கத்து ஜன்னலைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். நானும் அப்போதுதான் வருகிற மாதிரி நாலு எட்டுப் பின்னால் போய் நின்றேன். தாழ்ப்பாள் திறந்தது. அக்கா முகம் கழுவிக்கொண்டு, தலையைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டு, நிதானமாக வெளியே வந்தார்.

"இன்னாக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. வேல அப்பவே முடிஞ்சிடுச்சு. சும்மா உக்காந்துனு இருந்தேன்."

"சும்மாவா?"

அக்காவுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னார்.

"வெளிய யாரோ நிக்கறாங்கன்ற நெனப்பே இல்லாம உக்காந்தது இதான் பங்கஜம், என் ஆயுசுல மொத வாட்டி. எழுந்திரிக்கவே மனசு வரல."

அண்ணன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை. நான் அக்காவிடம், நல்லா உட்காருங்கக்கா, தினமும் உட்காருங்க என்று சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் அத்தனை நேரமும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தோம் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.